மணலைப் பிடித்திருந்த பனி

தம்பி கடலுக்கு அடியிலிருக்கும் எரிவாயுவை மேலே கொண்டுவரப் போகிறான் என்று எங்கள் வீட்டார் அப்போது நம்பினார்கள். மேலே என்பது எங்கள் ஊரான மானிப்பாயைக் குறித்தது. குழாய் எந்த வழியாக வரும் என்பதில் மட்டுமே அப்பாவுக்கும் மாமிக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. அப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர்; எதுவும் பிரதான வீதியால் வந்து, ஓரிடத்தில் பதிவாகி, அதன்பிறகே கிளை வீதிகளுக்குப் பிரிய வேண்டும் என்ற கொள்கையுடையவர். மாமி அப்பாவின் தங்கை; கணவரை இழந்தபின் எங்களோடு வந்திருந்து, குசினியைத் தன் ஆட்சிக்குள் எடுத்துக்கொண்டவர். குழாய் பின்வளவால் வந்து நேரே குசினிக்குள் ஏறினால் போதும், வீதியில் உள்ளவர்களுக்கு அதை ஏன் காட்ட வேண்டும் என்பது அவருடைய கட்சி.

நம்பியதில் அவர்கள்மேல் பிழை சொல்ல முடியாது. நாட்டில் சமையல் எரிவாயு இல்லாமற்போன ஆண்டு அது. வெற்றுச் சிலிண்டர்கள் வீதியோரங்களில் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டப்பட்டு, தங்கள் எசமானர்களுக்குப் பதிலாக வரிசையில் நின்றன. அப்படிப்பட்ட காலத்தில், கடலடியில் உறைந்து கிடக்கும் மீதேன் ஹைட்ரேட்டைப் பற்றி ஆராய்கிற ஒருவன் ஒரு வீட்டில் இருந்தால், அந்த வீடு விறகில் சமைப்பதைத் தற்காலிக ஏற்பாடாகக் கருதுவது இயல்பே.

உண்மையில் தம்பி ஆராய்ந்தது வாயுவை அல்ல. ஆழ்கடலின் அடியில், பெரும் அழுத்தத்திலும் குளிரிலும், நீர் உறைந்து நுண்ணிய கூடுகளாகி, அந்தக் கூடுகளுக்குள் வாயுவை அடைத்து வைத்திருக்கிறது. பார்வைக்குப் பனிக்கட்டி; நெருப்பு வைத்தால் எரியும். அது மணற்பருக்கைகளுக்கு இடையே உறைந்திருப்பதால் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்தும் வைத்திருக்கிறது. வாயுவை எடுத்துவிட்டால் அந்த மணலின் பலம் என்னவாகும், அது எவ்வளவு நெரியும், எப்போது சரியும் என்பதே அவனுடைய கேள்வி. ஊரே வாயுவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் ஒருவன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வேறுபாட்டை அவன் வீட்டில் பலமுறை பொறுமையாக விளக்கினான்.

"மாமி, கடலுக்கடியிலை மணல். மணலுக்குள்ளை ஐஸ். ஐசுக்குள்ளை காஸ். காஸை எடுக்கிறதெண்டால் ஐசை உடைக்க வேணும். ஆனால் அந்த ஐஸ்தான் மணலைப் பிடிச்சு வைச்சிருக்குது. ஐஸ் போனால் மணலை ஆர் பிடிக்கிறது?"

மாமி தேங்காய் துருவியபடி யோசித்தார். "அப்ப ஏன் அதைப் போய்க் கிண்டுறியள்? அது தன்ரை பாட்டிலை இருக்கட்டுமன்."

"அதைத்தான் மாமி நானும் கொஞ்சம் நீளமா எழுதிக்கொண்டிருக்கிறன்."

அப்பா பத்திரிகையைத் தாழ்த்தினார். "அதெல்லாம் சரி. காஸ் எப்ப வரும்?"

எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நேரே சொல்ல முடியாதவற்றை மாலை ஜெபத்தில் கடவுளிடம் சொல்வது வழக்கம். மிஷன் பாடசாலைகளில் உருவான குடும்பங்கள் பலவற்றிலும் இது உண்டென்று நினைக்கிறேன். எல்லோரும் கண்களை மூடியிருப்பதால் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை; ஆமென் வரும்வரை குறுக்கே பேசவும் முடியாது. "பரம பிதாவே, விறகு நனைந்திருக்கிறது என்பதை நீர் அறிவீர்" என்று மாமி சொன்னால், மறுநாட் காலையில் தம்பி விறகை வெயிலில் பரப்புவான். "வாசித்த பத்திரிகையை மடித்து வைக்கும் மனதை இந்த வீட்டாருக்குத் தாரும்" என்று அப்பா சொன்னால் அது எனக்கு. நான் பள்ளிக்கூட நூலகத்தில் பணிபுரிபவள். நாள் முழுவதும் பிறருடைய தாள்களை மடித்துவிட்டு வருவதால் வீட்டில் கொஞ்சம் அசட்டையாக இருப்பேன்.

அந்த ஆண்டில் அப்பாவின் ஜெபம் நீண்டது. "சமுத்திரத்தின் ஆழங்களை உமது கையில் வைத்திருக்கிறவரே, உறைந்த நீரின் உள்ளே நீர் ஒளித்து வைத்திருக்கும் வாயுவை, எங்கள் பிள்ளையின் கல்வியின் மூலமாக, ஏற்ற காலத்தில் எழும்பச் செய்யும்." ஜெபம் முடிந்ததும் தம்பி, "அப்பா, நான் காஸ் எடுக்கேல்லை" என்று கடவுளுக்குக் கிடைத்த தகவலைத் திருத்த முயல்வான். "ஆமென் சொன்ன பிறகு கதைக்கிறேல்லை" என்பார் அப்பா.

ஆனால் அந்த ஆண்டு எங்கள் வீட்டில் தீர்மானமாகவிருந்தது வாயுவின் கதியல்ல. தம்பி இங்கே இருப்பானா, போய்விடுவானா என்பது. மூத்த அண்ணை கனடாவிலும் அக்கா இலண்டனிலும் இருந்தார்கள். தம்பி பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளனாக இருந்தான். நிரந்தரப் பதவிக்கு நேர்முகத் தேர்வு வரவிருந்தது. அதற்குள் அவனுடைய ஆய்வில் எஞ்சியிருந்த ஓர் அத்தியாயம் முடிந்தாக வேண்டும். முடிந்தால் வேலை, வேலை கிடைத்தால் ஊர். முடியாவிட்டால், குளிர்நாடொன்றின் ஆய்வுகூடம் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அங்கே உண்மையான ஹைட்ரேட்டை உருவாக்கும் உயர் அழுத்தக் கலம் இருந்தது. "அக்கா, உந்த வேலை கிடைச்சால் நான் ஒரு இடமும் போகேல்லை" என்று அவன் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். அப்பா வெளியாட்களிடம், "போறதெண்டால் போகட்டும், படிப்புக்கு வேலி போடக்கூடாது" என்று சொல்லி வந்தார். என்னோடு அவர் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. நாங்கள் மரியாதையான குடும்பம்.

எதிர்வீட்டில் ஒருவர் இருந்தார். சபைக் கமிட்டி, இடுகாட்டைப் பார்க்கும் சேமக்காலைக் கமிட்டி, விளையாட்டுக் கழகக் கமிட்டி என்று ஊரில் மேசை போட்டுக் கூடும் எல்லாவற்றிலும் இருந்ததால் நாங்கள் அவரைக் கமிட்டி அங்கிள் என்போம். அவருடைய மனைவி மெல்பேணில் மகளுக்குத் துணையாகப் போயிருந்தார். ஒருநாள் அவர் தன்னுடைய வெற்றுச் சிலிண்டரைச் சைக்கிளில் கட்டி உருட்டி வந்து எங்கள் மாமரத்தடியில் இறக்கினார்.

"சும்மா வைச்சிட்டுப் போறன், தங்கச்சி. தம்பிக்கு ஏதும் வழி கிடைச்சால் பார்க்கட்டும்."

"அவன் படிக்கிறது மணலையெல்லோ" என்றார் மாமி.

"மணலுக்குப் பக்கத்திலைதானே காஸ் இருக்குது."

மறுநாள் இன்னொரு வீட்டுச் சிலிண்டர் வந்தது. அதற்கடுத்த நாள் வந்தவை படலைக்கு வெளியே நின்றன. உள்ளே இடமிருந்தும், முறையென்று ஒன்று உண்டல்லவா. "என்ரை குரோட்டன் செடியிலை முட்டாமல் வையுங்கோ" என்பதோடு மாமியின் எதிர்ப்பு நின்றது. அந்த ஆண்டில் நாங்கள் எல்லோரும், ஒரு வரிசை இருந்தால் அதன் தலைப்பில் ஏதோ கொடுக்கிறார்கள் என்று நம்பப் பழகியிருந்தோம். ஆஸ்பத்திரியில் உறவினரைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த உரும்பிராய் மனிதர் ஒருவர், என்ன ஏதென்று கேளாமலே நிழல் பார்த்துக் கடைசிச் சிலிண்டருக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர்.

சைக்கிளில் வந்திறங்கிய தம்பி கடைசியில் நின்றவரிடம், "என்னத்துக்கு நிக்கிறியள்?" என்று கேட்டான்.

"காஸுக்கு. இந்த வீட்டிலை ஒருத்தர் மேலிடத்திலை இருக்கிறாராம். நீரும் பின்னுக்கு வாரும், இடையிலை பூராதையும்."

தம்பி சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுத் தன்னுடைய வீட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றான். மாமி வெளியே வந்து, "அங்கை நிண்டு என்ன செய்யிறாய்? தேத்தண்ணி ஆறுது" என்று கூப்பிடும்வரை நின்றான். அவன் உள்ளே போனதும் பின்னால் நின்றவர்கள் அவனுக்கு முறை கிடைத்துவிட்டதாக எண்ணி ஓரடி முன்னேறினார்கள்.

நன்றிப் பண்டிகையை ஒட்டிச் சபை மண்டபத்தில் தம்பி உரையாற்ற வேண்டுமென்று கமிட்டி அங்கிள் தீர்மானம் நிறைவேற்றினார். 'கடல் தரும் எரிவாயு: நாளைய அடுப்பு' என்று தலைப்பு வைத்தார்கள். தம்பி, 'ஹைட்ரேட் அடங்கிய படிவுகளின் பொறிமுறை நடத்தை' என்று மாற்றும்படி கேட்டான். நடத்தையைப் பற்றிப் போதகர் பேசுவார், நீர் காஸைப் பற்றிப் பேசும் என்று கமிட்டி பதில் சொல்லியது.

அன்று அவன் நன்றாகவே பேசினான். கடலடி மணலின் மேலுள்ள சுமையை இரண்டு பேர் பங்கிட்டுத் தாங்குகிறார்கள் என்றான்: ஒருவர் மணற்பருக்கைகள், மற்றவர் இடையில் அகப்பட்டிருக்கும் நீரின் அழுத்தம். வாயுவை விடுவிப்பதற்கு அந்த அழுத்தத்தைக் குறைக்கிறோம். குறைத்தவுடன் சுமை முழுவதும் பருக்கைகளின் தலையில் இறங்குகிறது. அதே நேரத்தில் ஹைட்ரேட்டும் கரைவதால் பருக்கைகளின் பிடிப்பும் போகிறது. பாரம் கூடும் வேளையிலேயே பலம் குறைகிறது. அதனால் நிலம் குந்தலாம், மணலே வாயுவோடு சேர்ந்து, துளைத்த கிணற்றுக்குள் ஓடி வரலாம். "எடுக்கவே கூடாது எண்டு நான் சொல்லேல்லை. மெதுவா எடுக்க வேணும். மிச்சமிருக்கிற மண் தன்னைச் சரிக்கட்டிக்கொள்ள நேரம் குடுத்து எடுக்க வேணும். ஒரேயடியா எடுத்தால் தாங்காது."

நான் பின்வரிசையில் இருந்தேன். அவன் கடலடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில் நான் மண்டபத்தின் நீண்ட மர வாங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் குடும்பம் குடும்பமாக நெருக்கியடித்து இருந்த வாங்குகள். இப்போது ஒவ்வொன்றிலும் ஒரு மூதாளரும், அவருக்குப் பக்கத்தில் அவருடைய கைப்பையும் இருந்தன. அப்பா முன்வரிசையில் கைகளைக் கட்டியபடி மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கேள்வி நேரத்தில் முதற்கேள்வி கமிட்டி அங்கிளுடையது. "இங்கை, எங்கடை கொழும்புத்துறையிலை ஒரு குழாயை இறக்கிப் பார்த்தால் என்ன?"

"அங்கை இடுப்பளவு தண்ணி, அங்கிள். இதுக்கு நல்ல ஆழமும் குளிரும் வேணும்."

"ஆழத்தை விடும். கமிட்டி நினைச்சால் தோண்டலாம். குளிருக்குத்தான் யோசிக்க வேணும்."

நன்றியுரையில், நாளைய அடுப்பு விரைவில் எரியும் என்று உறுதியளித்த இளம் விஞ்ஞானிக்குச் சபையின் பாராட்டுத் தெரிவிக்கப்பட்டது.

இனி எங்கள் குளிர்பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையான ஹைட்ரேட்டை இங்கே உண்டாக்க வசதி இல்லாதபடியால், அதற்குப் பதிலாகப் பனிக்கட்டியை வைத்தே தம்பி மணலைப் பிணைத்தான். கடற்கரை மணலைக் கழுவி, அளவாக நனைத்து, குழாய்த் துண்டொன்றில் இறுக்கி உறைய வைத்து, உறைந்ததும் கழற்றிப் பொலித்தீனில் சுற்றுவான். உருளையான, வெண்மை படிந்த மாதிரிகள். அவற்றை ஒரே குளிரில் பலநாள் வைத்திருந்தபின் இயந்திரத்தில் நெரித்து, சிறிது சிறிதாக உருக விட்டு, எந்தக் கட்டத்தில் பலம் போகிறது என்று பார்ப்பான். நாடெங்கும் மின்சாரம் வெட்டப்பட்ட நாட்களில் பல்கலைக்கழகக் குளிர்பெட்டியை நம்ப முடியவில்லை. எங்கள் வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்குப் போகும் அதே கம்பியில் இணைப்பு. ஆகவே வெட்டு அரிது. இவ்வாறாக, ஆழ்கடல் படிவுகள் பற்றிய வடபகுதியின் ஆய்வு முழுவதும் எங்கள் குசினிக்கு வந்து சேர்ந்தது.

அயலாருக்கும் அந்தக் கம்பியின் மகிமை தெரியும். கமிட்டி அங்கிள் கொழும்புத்துறையில் வாங்கிய இறாலையும் மீனையும் எங்களிடம் வைத்திருந்தார். இன்னொருவருடைய முருங்கைக்காய் இருந்தது. மாமியோ, அடிக்கடி விறகு மூட்ட இயலாதபடியால், சனிக்கிழமைகளில் குழலில் புட்டை மொத்தமாக அவித்து, ஆறியதும் பொலித்தீனில் சுற்றி உறைய வைப்பார். வேண்டும்போது எடுத்து மீண்டும் ஆவியில் வைத்தால் போதும். மாமியின் புட்டுக்குழலும் தம்பியின் குழாய்த் துண்டும் ஏறக்குறைய ஒரே பருமன். அவன் தன் மாதிரிகளைக் கீழ்த்தட்டில் தனியாக அடுக்கி, 'மணல், தொடவேண்டாம்' என்று காகிதம் எழுதி ஒட்டியிருந்தான். கடைசித் தொகுதி அது. திங்கட்கிழமை அதை நெரித்துவிட்டால் அத்தியாயம் முடியும். அதற்கடுத்த வாரம் நேர்முகம்.

சனிக்கிழமை மாலை, அங்கிளின் இன்னொரு மீன் பொதிக்கு இடம் பார்ப்பதற்காக அப்பா குளிர்பெட்டியைத் திறந்தார். நாற்பதாண்டு காலம் தபால் பிரித்த மனிதர். உள்ளே கண்ட காட்சி அவரால் தாங்கக்கூடியதாக இருக்கவில்லை. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, தட்டையானவை ஒரு தட்டு, உருண்டையானவை ஒரு தட்டு, உருளையானவை ஒரு தட்டு என்று உருவத்தின்படி ஒழுங்காகப் பிரித்து வைத்தார். ஈரத்தில் கழன்று விழுந்த காகிதத்தை எறியவில்லை. எழுத்துள்ள எதையும் அவர் எறிவதில்லை; பிறருடையதை வாசிப்பதும் இல்லை. அதைக் காய வைத்து, மடித்து, பத்திரிகைத் தட்டில் வைத்தார். அன்று மாலை ஜெபத்தில் ஒழுங்கின் தேவனுக்கு நன்றி கூறப்பட்டது. நான் அதை எனக்கென்று எண்ணிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டி அங்கிள் எங்களோடு வந்தார். அவர் வீட்டில் விறகு நனைந்துவிட்டதாம். தம்பி மறுநாளைக்கு இயந்திரத்தை ஆயத்தம் செய்ய ஆய்வுகூடம் போயிருந்தான். மாமிக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை. நாட்டில் கண்வில்லை தட்டுப்பாடாக இருந்ததால் சத்திரசிகிச்சை தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. அவர் குளிர்பெட்டியில் கைவிட்டார். உருளையான தட்டின் முன்வரிசையில் இருந்த அத்தனையையும் எடுத்தார். பொலித்தீனைக் கழற்றி, ஆவிப்பானையில் நிறுத்தி மூடினார்.

மூடியைத் திறந்தபோது உருவம் குலைந்திருந்தது. கூப்பன் கடை மாவின்மேல் பழியைப் போட்டுவிட்டு, உடைந்த புட்டுக்கு யாழ்ப்பாணத்தில் எந்தக் குடும்பப் பெண்ணும் செய்வதைச் செய்தார்: தேங்காய்ப்பூவும் சீனியும் தாராளமாகத் தூவி, கிளறி, மேசைக்குக் கொண்டுவந்தார். நான் நூலகச் சாவியை அதிபர் வீட்டில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் நுழைகையில் அங்கிள் சாப்பாட்டு ஜெபத்தைத் தொடங்கியிருந்தார். நானும் கண்ணை மூடினேன்.

அவர்தான் முதலில் வாயில் வைத்தார். அசைத்தார். நிறுத்தினார். கமிட்டி உறுப்பினர்களுக்கு இத்தகைய தருணங்களில் நீண்ட பயிற்சி உண்டு. முகத்தில் ஒன்றும் தெரியாமல் ஒருவாறு விழுங்கிவிட்டு, "தங்கச்சி, இது எந்த மில்லிலை இடிச்ச மா?" என்று கேட்டார்.

"ஏன், குருணியே?"

"சாடையாக் குருணி. பரவாயில்லை, தேங்காய்ப்பூ நல்ல புதுசு."

அப்பா ஒரு துளியை நாக்கில் வைத்தார். "தங்கச்சி, இது மணல்" என்றார். பிழையான விலாசத்துக்கு வந்த கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கும் குரல் அது. பிறகு அவர் மெல்ல எழுந்து பத்திரிகைத் தட்டருகே போனார். மடித்த காகிதத்தை எடுத்து வாசித்தார். திரும்பவும் அதே மடிப்பில் மடித்தார்.

தம்பி வந்தபோது மாமி வாசலிலேயே நின்றார். "தம்பி, உன்ரை மணலை நான் அவிச்சுப்போட்டன்."

அவன் புரியாமல் சிரித்தான். புரிந்தபின் குசினிக்குள் போனான். பானையில் ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. அரைவாசி சரிந்து, மேற்பகுதி இன்னும் கொஞ்சம் உருவத்தோடு கிடந்தது. அவன் அதற்கு முன்னால் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு கேட்டான். "மாமி, நீங்கள் மூடியைத் திறக்கேக்கை இது நேரே நிண்டதோ?"

"தலை நிண்டது. கால்தான் முதல் போச்சுது. நான் பார்க்கப் பார்க்க அப்பிடியே குந்திச்சுது." மாமி பானைக்குக் கிட்டக் குனிந்தார். "நீ அண்டைக்கு மண்டபத்திலை சொன்ன மாதிரித்தான்."

"ஓம் மாமி. அது மாதிரித்தான்."

அங்கிள் கதவடியில் வந்து நின்றார். "தம்பி, குறை நினையாதையும். இதைத் திண்டால் ஒண்டும் செய்யாதே?"

"கழுவின மணல்தான் அங்கிள். ஒண்டும் செய்யாது."

"அப்ப சரி." சிறிது நேரம் கழித்து, "மற்றப் புட்டு எங்கை இருக்குது?" என்று மாமியைக் கேட்டார்.

பின்னேரம் தம்பி மணல் முழுவதையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய், தேங்காய்ப்பூவும் சீனியும் போகும்வரை அலசி, சாக்கில் பரப்பினான். பிறகு பானையையும் தேய்த்துக் கழுவி வைத்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "இனி?" என்று மட்டும் கேட்டேன்.

"மணல் அப்பிடியே இருக்குதக்கா. குளிரிலை வைக்க நாள்தான் இல்லை."

நேர்முகத்தில் அவனை நன்றாகவே நடத்தினார்களாம். ஆய்வு சிறப்பானது என்றார்கள். முழுமை பெறாத அத்தியாயத்தை முழுமையாக்கிவிட்டு அடுத்தமுறை விண்ணப்பிக்கும்படி சொன்னார்கள். அடுத்தமுறை எப்போது என்று அவன் கேட்டதற்கு, புதிய நியமனங்கள் எல்லாம் நிறுத்தப்படுவதால் அதைச் சொல்வதற்கில்லை என்றார்கள். எழுந்து வரும்போது குழுவில் மிக மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அது கிடக்க, காஸ் எப்ப வரும்?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது தம்பி சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. அன்றிரவே தம்பி குளிர்நாட்டு ஆய்வுகூடத்துக்குப் பதில் அனுப்பினான்.

அதன்பின் மாமியின் ஜெபம் ஒவ்வொரு மாலையும் தன் கண்ணில் தொடங்கிக் கண்ணிலேயே முடிந்தது. குளிர்பெட்டியை அவர் திறப்பதில்லை. ஏதும் வேண்டுமென்றால் என்னை எடுத்துத் தரச் சொல்வார். தம்பி, "மாமி, அது போகட்டும்" என்று சொல்லிப் பார்த்தான். பகலில் சொன்னவை எங்கள் வீட்டில் அவ்வளவாகச் செல்லுபடியாவதில்லை.

அவன் புறப்படுவதற்கு முதல்நாள் மாலை வழக்கம்போல் கதிரைகளை வட்டமாகப் போட்டோம். பயணப் பெட்டி கூடத்தில் கட்டியபடி நின்றது. அப்பா தொடங்க வெகுநேரம் எடுத்தார். வாயுவைப் பற்றி ஏதும் வரவில்லை.

"ஆண்டவரே, குளிர்பெட்டியை ஒழுங்குபடுத்தினவன் நான் என்பதை நீர் அறிவீர். என் தங்கையின் கண்ணல்ல, என்னுடைய ஒழுங்கே அதற்குக் காரணம்" என்றார். எனக்குப் பக்கத்தில் மாமி மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. அப்பா தொடர்ந்தார். "மூத்தவனைக் கனடாவுக்கு எடுத்தீர். மகளை இலண்டனுக்கு எடுத்தீர். நாங்கள் ஸ்தோத்திரம் சொன்னோம். இவனையும் எடுப்பது உமது சித்தமானால் எடுத்துக்கொள்ளும். ஆனால் மெதுவாக எடும், ஆண்டவரே. மிச்சமிருக்கிறவர்கள் தங்களைச் சரிக்கட்டிக்கொள்ள நேரம் கொடுத்து எடும்."

மண்டபத்தில் அவன் சொன்னதை மாமி மட்டுமல்ல, அப்பாவும் கேட்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆமென் சொன்ன பிறகு தம்பி எதையும் திருத்தவில்லை.

இப்போது எரிவாயு கிடைக்கிறது, லொறியில் வருகிறது. மாமரத்தடிச் சிலிண்டர்களை உரியவர்கள் ஒவ்வொருவராக எடுத்துப் போனார்கள். ஒன்று மட்டும் நிற்கிறது. கமிட்டி அங்கிள் அதை எடுக்காமலே மெல்பேணுக்குப் போய்விட்டார். அங்கே ஏதோவொரு கமிட்டியில் சேர்ந்திருப்பதாகக் கேள்வி. தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்கிறான். அவனிடம் இப்போது உண்மையான ஹைட்ரேட்டும் உண்மையான அழுத்தமும் இருக்கின்றன. அழுத்தத்தை மெதுவாகக் குறைத்தால் மணல் கொஞ்சம் குந்தினாலும் ஒருவாறு தாங்கி நிற்கிறது என்று சென்ற வாரம் சொன்னான். அப்பா தொலைபேசியைக் காதோடு வைத்து, "கொஞ்சம் எண்டால் எவ்வளவு?" என்று கேட்டார்.

மாமிக்குக் கண் வெட்டியாயிற்று, இரண்டும் தெளிவு. குளிர்பெட்டியை இப்போது அவரே திறக்கிறார். அதிலுள்ள ஒவ்வொன்றின்மேலும் அப்பா பெயர் எழுதி ஒட்டுகிறார், முருங்கைக்காய் உட்பட. மாலையில் கதிரைகளைச் சற்றுக் கிட்டவாகப் போடுகிறோம். வீட்டில் அப்பாவும் மாமியும் நானும் இருக்கிறோம்.